பிள்ளைக்கு ஓட்டிசம் என்றார்கள்: மலையகத்து அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஓட்டிசம் உள்ள மகனை வளர்க்கிற அம்மா. மூளை வளர்கிற விதத்தில் வருகிற வேறுபாடு ஓட்டிசம், பேச்சிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் அது தெரியும். அவனுக்கு இப்போது 11 வயது. இந்தியப் பத்திரிகைகளில் ஆட்டிசம், மதியிறுக்கம் என்றெல்லாம் எழுதுவார்கள். இங்கே கிளினிக்கில் ஓட்டிசம் என்பதுதான் வழக்கம், நானும் அப்படியே எழுதுகிறேன். புதிதாக விஷயம் தெரியவந்த வீடுகளிலிருந்து என்னிடம் வருகிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் இவை. படித்தது, சிகிச்சையாளர்கள் சொல்லித் தந்தது, நானே பட்டது மூன்றும் இதில் கலந்திருக்கும்.

இரண்டு வயதாகிறது, இன்னும் பேச்சு இல்லை. ஆம்பிளைப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார்களே?

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அதை நம்பி ஒரு வருடத்தை விட்டேன்.

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். பேச்சுக்கு முன்னால் வரவேண்டியவை இருக்கின்றன. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், கேட்பதற்காக இல்லாமல் சும்மா பார்த்ததையும் உங்களுக்குக் காட்ட வேண்டும்: "அம்மா, அங்க பார் நாய்" என்பதுபோல விரலை நீட்டி, உங்கள் முகத்தையும் ஒருமுறை பார்க்கும். என் மகன் எதையும் காட்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துப் போவான், கையை ஒரு கருவி மாதிரி. முகத்தைப் பார்க்க மாட்டான்.

வந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது.

யாரிடம் காட்டுவது?

முதலில் மிட்வைஃப் மிஸ்ஸிடம். தடுப்பூசி எழுதுகிற பிள்ளையின் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகளுக்கும் பக்கங்கள் இருக்கின்றன. அதைத் திறந்து காட்டிக் கேளுங்கள். அங்கிருந்து எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக், பிறகு கடிதத்தோடு டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று உங்களுக்குக் கிட்டிய பெரிய வைத்தியசாலையின் சிறுபிள்ளை வைத்திய நிபுணர். பலரைப் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. பஸ் காசும் அன்றைய நாள் சம்பளமும்தான் போகும், அது சின்னக் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஓட்டிசத்தைக் காட்டித் தரும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளையைப் பார்த்து, உங்களிடம் கேட்டுத்தான் முடிவு சொல்வார்கள். அதனால் கேட்கிற கேள்விகளுக்குக் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

என் பிழையா? வயிற்றில் இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனேன்.

இல்லை. கிரகணமும் இல்லை, கண்ணூறும் இல்லை, நீங்கள் கொழுந்து பறிக்கப் போனதும் இல்லை. பெரும்பாலும் பரம்பரை அணுக்களில் இருந்து, மூளை வளர்கிற விதத்திலேயே வருகிற வேறுபாடு இது. ஒரு காலத்தில் படித்தவர்களே "அன்பில்லாத தாயால் வருகிறது" என்று எழுதினார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஓட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா, 1964இல் அதை மறுத்து எழுதிய பிறகுதான் அந்தப் பழி மெல்ல விலகத் தொடங்கியது.

தடுப்பூசியால் வந்ததா என்றும் கேட்பீர்கள். 1998இல் லண்டனில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கிய கதை அது. 2010இல் அதை வெளியிட்ட மருத்துவச் சஞ்சிகையே கட்டுரையை மீளப் பெற்றது. எழுதியவரின் மருத்துவப் பதிவும் போனது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஊசி போடுகிற வயதும் அறிகுறி கண்ணில் படுகிற வயதும் கிட்டத்தட்ட ஒன்று. அவ்வளவுதான்.

குடும்பத்தோடு செய்கிற நடத்தைச் சிகிச்சை என்றால் என்ன?

ஒரு பழக்கம் ஏன் வருகிறது, அதற்குப் பின்னால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்து, நல்ல பழக்கத்துக்குப் பலன் கிடைக்கும்படி சுற்றியுள்ளவற்றை மாற்றுவது நடத்தைச் சிகிச்சை. அதை ஓர் அறைக்குள் வேறொருவர் செய்யாமல், வீட்டு ஆட்கள் கற்றுக்கொண்டு வீட்டு வேலைக்கு நடுவிலேயே செய்வது குடும்ப வழி. சிகிச்சையாளர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் விழித்திருந்தால் மாதத்துக்கு 360 மணி நேரம். கிளினிக்கில் கிடைப்பது, கிடைத்தால், ஒரு மணி நேரம். மீதி 359 மணி நேரமும் நம் லயத்தில்தான் போகிறது.

படிக்காத நாங்கள் செய்தால் பலிக்குமா? இது சிகிச்சையாளர் இல்லாத ஊருக்குச் சொல்கிற சமாதானமா?

நியாயமான சந்தேகம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1987இல் அமெரிக்காவின் லோவாஸ் என்பவர், வாரம் 40 மணி நேரச் சிகிச்சையில் 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்புக்குப் போனார்கள் என்று எழுதினார். அன்றிலிருந்து 40 மணி நேரம் என்பது ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத சின்ன ஆய்வு அது என்ற குறையும் அன்றிலிருந்தே இருக்கிறது.

இங்கிலாந்தில் 152 சின்னப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, பிள்ளையோடு விளையாடுகிற வீடியோவைப் போட்டுக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். 2010இல் வந்த முதல் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. சுமார் ஆறு வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, பயிற்சி பெற்ற வீட்டுப் பிள்ளைகளில் அறிகுறிகள் குறைவாக இருந்தன. 2016இல் அதை வெளியிட்டார்கள். அதே முறையை எளிமையாக்கிக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களோடு செய்து பார்த்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்கள். எல்லா அளவிலும் முன்னேற்றம் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் தாமாக முன்வந்து அம்மாவோடு தொடர்பு கொள்வது கூடியது.

நம் நாட்டிலும் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் கூட இருந்தவர்களும் 18 முதல் 40 மாதம் வரையான 62 பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை கொடுக்க வைத்து, நல்ல முன்னேற்றம் கண்டதாக 2016இல் எழுதியிருக்கிறார்கள். ஆக, சிகிச்சையாளர் இல்லாததற்குச் சொல்கிற சமாதானம் இல்லை. ஆனால் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தமிழில் பேசுவதும் வேண்டும், நமக்கு அங்கேதான் இடிக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டாம். பிள்ளைக்கு எது உயிரோ அங்கே தொடங்குங்கள். என் மகனுக்கு ரொட்டி.

முன்பெல்லாம் சுட்டதும் முழு ரொட்டியைக் கையில் கொடுத்துவிடுவேன். அப்புறம் அவனுக்கு என்னிடம் என்ன வேலை? எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான். சிகிச்சையாளர் சொன்னபடி, ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து என் மடியில் ஒரு தட்டில் வைத்துக்கொண்டேன். அவன் கண் மட்டத்துக்கு, அடுப்படியில் பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு துண்டை எடுத்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பதுதான் கஷ்டம். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். நாலு எண்ணுவதற்குள் வாய் "ரொட்டி வேணுமா, ரொட்டி சொல்லு, சொல்லு" என்று தொடங்கிவிடும்.

முதல் நாள் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். இழுக்கும்போது ஒரு நொடி கண் என் பக்கம் வந்தது. அந்த நொடியில் "தா" என்று சொல்லித் துண்டைக் கொடுத்தேன். உடனே கொடுக்க வேண்டும், இரண்டு நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் பார்ப்பது நிச்சயமானது. அதன்பிறகு பார்ப்பது மட்டும் போதாது, கையும் நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் முழங்கையைப் பின்னாலிருந்து லேசாகத் தூக்கிவிடுவாள் அவன் அக்கா. பிறகு தூக்கிவிடுவதையும் குறைத்தாள். உதவியைக் கொடுப்பது சுலபம், நேரம் பார்த்து எடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. "த்தா" என்ற சத்தம் வர இரண்டரை மாதம் ஆனது. அன்றைக்கு அரை ரொட்டியைத் துண்டாக்காமல் அப்படியே கொடுத்தேன். அதுவும் முறைதான்: பெரிய முயற்சிக்குப் பெரிய பலன்.

இதேபோல பீலியில் (தண்ணீர் விழுகிற குழாயடியில்) குளிக்க வார்க்கும்போது, "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லி வாளியைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்துங்கள். பிள்ளை பார்க்கும், நெளியும், ஏதோ சத்தம் போடும். "மூணு!" ஊற்றுங்கள். நம் குளிருக்கு முதலில் காலில்.

சுவெட்டர் போடப் பழக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். தலை, கை எல்லாம் நீங்களே மாட்டிவிட்டு, கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். வேலையை முடித்தது அவன்தான் என்று ஆகிவிடும். அது பழகியதும் அதற்கு முந்திய படி.

விளையாடவே வரமாட்டேன் என்கிறான். மூடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான்.

மூடியைப் பறிக்காதீர்கள். இன்னொரு மூடியை எடுத்து நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுங்கள். நான் பால்மா டின் மூடியை நாலு நாள் சுற்றினேன், பக்கத்து வீட்டு அக்கா எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஐந்தாம் நாள் என் மூடி விழுந்ததும் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நினைத்தது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து கத்துகிறான். லயமே கூடிவிடுகிறது.

ஒரு கொப்பி வாங்குங்கள். மூன்று கோடு போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது. ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாமல். கத்துவதற்குப் பெரும்பாலும் நாலு காரணங்கள்தான்: ஏதோ வேண்டும், ஏதோ வேண்டாம், யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், அல்லது உடம்புக்கு ஏதோ செய்கிறது. எது என்று கொப்பி சொல்லும்.

என் கொப்பியில் ஏழு நாளில் ஐந்து தடவை கடை வந்தது. கடையைப் பார்த்தான்; ரோட்டில் படுத்தான்; பணிஸ் (பன்) வாங்கிக் கொடுத்து எழுப்பினேன். அவன் என்ன கற்றுக்கொண்டான்? படுத்தால் பணிஸ். நான் என்ன கற்றுக்கொண்டேன்? கொடுத்தால் அமைதி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழக்கி வைத்திருந்தோம்.

வழி இரண்டு பக்கமும் வேண்டும். கேட்பதற்குச் சுலபமான வேறொரு முறையைக் கொடுக்க வேண்டும்: பணிஸ் படம் ஒட்டிய அட்டையைக் கடைக்குப் பத்தடி முன்னாலேயே கையில் கொடுத்து, கடைக்கார அண்ணனிடம் நீட்ட வைத்து, உடனே வாங்கினேன். படுத்தால் பணிஸ் இல்லை. அடிக்காமல், திட்டாமல், வண்டி வருகிறதா என்று பார்த்தபடி பக்கத்தில் நின்றேன். மூன்றாம் நாள் கத்தல் இரண்டு மடங்கானது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் விட்டிருப்பேன். பழைய சாவி திறக்காவிட்டால் இன்னும் பலமாகத் திருகிப் பார்ப்போம் இல்லையா, அதுதான். அந்த நாளில் மனமிரங்கிக் கொடுத்தால் இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

லயத்தில் இதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. சுவர் ஒன்று, சத்தம் எல்லோருக்கும். "குடுத்துத் தொலை புள்ள, பாவம்" என்று ஆச்சிகள் வந்துவிடுவார்கள். தொடங்குவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், இரண்டு கிழமை சத்தம் இருக்கும், தயவுசெய்து யாரும் எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். ஒருவர் மட்டும் கேட்கவில்லை. அவரிடம் அட்டை கொடுத்து வைத்தேன்: அவன் நீட்டினால் தாராளமாகக் கொடுங்கள் என்று.

ஒன்று முக்கியம். கத்தலோ தலையை முட்டுவதோ திடீரென்று தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள். காது வலி, பல் வலி, மலச்சிக்கல். என் மகன் ஒரு வாரம் இரவில் தலையை முட்டியதை நான் பிடிவாதம் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். காதிலிருந்து சீழ் வந்த பிறகுதான் விளங்கியது.

இரண்டு அடி போட்டால் அடங்காதா?

பயத்தில் அடங்கும், பேசத் தெரிந்துகொள்ளாது. லோவாஸின் அந்தப் பழைய சிகிச்சையில் தொடையில் தட்டுவதும் இருந்தது. இன்று நல்ல சிகிச்சையாளர் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. அடிக்கிற, கட்டிவைக்கிற, சாப்பாட்டை நிறுத்துகிற இடத்துக்குச் சிகிச்சை என்று பெயர் போட்டிருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காலையில் மலைக்குப் போனால் பின்னேரம்தான் வருகிறேன். எப்போது செய்வது?

தனியாக நேரம் ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் வேண்டாம். காலை ரொட்டிக்குப் பத்து நிமிடம், பின்னேரம் பீலி, இரவு படுக்கும்போது ஒரு பாட்டு. இதை ஒவ்வொரு நாளும் செய்தால் போதும். பகலில் பிள்ளை பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) இருந்தால், அங்குள்ள பொறுப்பாளரிடம் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது. இருபது பிள்ளைகளைப் பார்க்கிறவர் அவர்.

அம்மா வெளிநாட்டில், அப்பாயி வளர்க்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அங்கே சிகிச்சை கற்றுக்கொள்ள வேண்டியவர் அப்பாயிதான், கிளினிக்குக்கும் அவரையே கூட்டிப் போங்கள். அம்மா வீடியோவில் வரும்போது "அம்மா சொல்லு" என்று கேட்பதைவிட, தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடி, நடுவில் நிறுத்திக் காத்திருக்கலாம்.

அப்பாயி ஒத்துழைக்கவில்லை. நான் மறுத்ததை அவர் கொடுத்துவிடுகிறார்.

அவரோடு வாதம் பண்ணாதீர்கள். அவருக்கு ஒரு வெற்றியைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் "தா" என்ற கையை முதலில் என் மாமியாரிடம்தான் நீட்டினான், நான்தான் ரொட்டித் தட்டை அவரிடம் மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு விதி மீறினால் என்னைத் திட்டுகிறவர் அவர்.

வீட்டில் தமிழ், கிளினிக்கில் சிங்களம், நேர்சரியில் இங்கிலீஷ். ஒரே மொழி பேசச் சொல்கிறார்களே?

இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் கூடுவதாகவோ பேச்சு பின்தங்குவதாகவோ ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்குத் தடையில்லாமல் வருகிற மொழியில், கொஞ்சுகிற, கோபப்படுகிற மொழியில் பேசுங்கள். "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஓர் அம்மா பிள்ளையோடு நாள் முழுக்க என்ன பேச முடியும்? கிளினிக்கில் சொன்னது விளங்காவிட்டால், மொழி தெரிந்த ஒருவரை அடுத்த முறை கூட்டிப் போங்கள். விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்த நாட்கள் எனக்கும் உண்டு.

படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போகுமா?

போகாது. படம் பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்கு இழுத்தும் வருகிறது. வராத பிள்ளைக்கு அதுவே பேச்சு.

ஃபோன் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான்.

ஃபோனால் ஓட்டிசம் வந்தது என்று எண்ண வேண்டாம். ஆனால் ஃபோன் ஓடுகிற நேரத்தில் உங்கள் முகத்துக்கு வேலை இல்லை. ஒரே நாளில் பிடுங்காமல், முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

மருந்து, பத்தியம், பரிகாரம்?

ஓட்டிசத்தை மாற்றுகிற மருந்து இல்லை. கடும் ஆவேசம், தூக்கமின்மை போன்றவற்றுக்கு நிபுணர் மருந்து தரலாம். அதை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். கோயிலுக்கு நேருங்கள், நானும் நேர்ந்தேன், யார் வேண்டாம் என்றார்கள்? ஓட்டிசத்தை மாற்றும் என்று குடிக்கக் கொடுக்கிற எதற்கும், இரத்தத்தில் உள்ள உலோகத்தை எடுக்கிறேன் என்கிற எவருக்கும் மட்டும் கதவைச் சாத்துங்கள். அதில் உயிர் போயிருக்கிறது.

திருவிழாவுக்குக் கூட்டிப் போகலாமா? தப்பு மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்.

அது குறும்பு இல்லை, அவன் காதுக்கு உண்மையிலேயே தாங்கவில்லை. முதல் வருடம் லயத்து இஸ்தோப்பிலிருந்து (முன் திண்ணையிலிருந்து) தேரைப் பார்த்தோம். மறு வருடம் காதுக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக் கோயில் படிவரை. தப்பு அடிக்கிற மாமா பகலில் ஒருநாள் அவனைத் தட்டிப் பார்க்கவிட்டார். தானே அடிக்கிற சத்தத்துக்கு அவன் ஓடவில்லை.

பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள்.

எங்களையும் ஒரு பள்ளி வாசலோடு அனுப்பியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லிச் சண்டைக்குப் போகாமல் வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். விசேட கல்வி அலகு உள்ள பள்ளி எது என்றும் அங்கேயே கேளுங்கள்.

எப்போது சரியாகும்?

காய்ச்சல் மாதிரி மாறிப் போகிற ஒன்று இல்லை. சில பிள்ளைகள் நன்றாகப் பேசும், சில பிள்ளைகள் பேசாமலே வளரும். சீக்கிரம் தொடங்கினால் கற்றுக்கொள்வது கூடும். என் மகன் இன்று மூன்று நாலு சொல் சேர்த்துப் பேசுகிறான், கடைக்குத் தனியாகப் போய் மிச்சக் காசு கொண்டுவருகிறான், எண்ணத் தெரியாது. கண்ணைப் பார்த்துப் பேச வைக்க நான் இப்போது மல்லுக்கட்டுவதில்லை. அவனுக்கு அது கஷ்டம், எனக்கு அது தேவையில்லை.

கிளினிக் நாளுக்கு என்ன கொண்டுபோவது?

பதிவேடு, கொப்பி, பழைய கிளினிக் துண்டுகள் எல்லாம். ஃபோனில் இரண்டு நிமிட வீடியோ இரண்டு: ஒன்று அவன் நல்லபடி இருக்கிற நேரம், ஒன்று கத்துகிற நேரம், டொக்டர் முன்னால் இரண்டையுமே செய்ய மாட்டான். கேட்க வேண்டியதை மூன்று வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ரொட்டி, தண்ணீர், அவனுக்குப் பிடித்த மூடி. மாற்று உடுப்பும் இரண்டு பையும்: பேராதனைக்குப் போகிற பஸ்ஸில் கினிகத்தேனை வளைவுகளை என் மகன் ஒருமுறைகூட வாந்தியில்லாமல் கடந்ததில்லை.